கடலோரத்து வீட்டில் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகிறதா? பழைய டிரைவரைப் பிடித்து மாற்றும் முழு வழிகாட்டி

தொண்டியில் தொடங்கி ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, வாலிநோக்கம் வரைக்கும் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் யாரைக் கேட்டாலும் இந்தப் புகாரைச் சொல்வார்கள்: "நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு, திடீர்னு நீலமா ஒரு திரை வந்து தானா ரீஸ்டார்ட் ஆயிடுது." பக்கத்தில் நிற்பவர் உடனே, "டிரைவர் பழசாயிருக்கும், எல்லாத்தையும் அப்டேட் பண்ணிடு" என்பார். அவர் சொல்வதில் பாதி சரி. பழைய டிரைவர் காரணமாக இருக்கலாம். ஆனால் இருபது முப்பது டிரைவரை ஒரே மூச்சில் மாற்றினால், முன்பு ஒரு சிக்கல் இருந்த இடத்தில் மூன்று வந்து நிற்கும். எது நிறுத்தியது என்று முதலில் பெயரைப் பிடிக்க வேண்டும். பிறகு அதை மட்டும் மாற்ற வேண்டும். கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

டிரைவர் ஏன் மொத்த மெஷினையும் நிறுத்துகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கிராபிக்ஸ், வைஃபை, சவுண்ட், டச்பேட் என்று ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸோடு பேசவைக்கும் சிறு புரோகிராம்தான் டிரைவர். குரோம் போன்ற சாதாரண புரோகிராம் தப்புச் செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். டிரைவர்களில் பெரும்பாலானவை விண்டோஸின் கருவான கெர்னலுக்குள்ளேயே ஓடுகின்றன. அங்கே ஒன்று தனக்குச் சொந்தமில்லாத மெமரியில் கைவைத்தால், அதற்குப்பின் எதையும் நம்ப முடியாது. ஃபைல்கள் கெட்டுப்போவதற்குள் விண்டோஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. அந்த நிறுத்தம்தான் நீலத்திரை. 2025-இல் விண்டோஸ் 11-இல் இதன் நிறத்தைக் கறுப்பாக மாற்றிவிட்டார்கள். உங்களுக்கு வருவது கறுப்பாக இருந்தாலும் சங்கதி ஒன்றுதான்.

முதலில், இது டிரைவர்தானா?

உள்நாட்டு ஊர்களுக்கு எழுதும் வழிகாட்டிகளில் இந்தப் பகுதி கடைசியில் இருக்கும். நம் கரையில் இது முதலில் வர வேண்டும். வடகடல் பக்கமானாலும் தென்கடல் பக்கமானாலும் காற்றில் உப்பு இருக்கிறது. சன்னலோரம் வைத்த சிபியூவின் பக்கமூடியைக் கழற்றிப் பாருங்கள். திருகாணிகளில் துரு, ஃபேன் இறக்கையில் பிசுபிசுப்பான தூசு, ரேம் சொருகும் இடத்தில் மங்கிய தொடுமுனைகள். ரேம் சரியாகத் தொடாவிட்டாலும் நீலத்திரை வரும், அதுவும் அசல் டிரைவர் கோளாறு போலவே வேஷம் போட்டுக்கொண்டு வரும்.

பிரித்தறிய எளிய வழி உண்டு. ஒவ்வொரு முறையும் ஒரே எரர், ஒரே வேலை செய்யும்போது வந்தால் டிரைவர் மேல் சந்தேகப்படலாம். இன்றைக்கு ஒரு எரர், நாளைக்கு வேறொன்று, எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போதும் விழுகிறது என்றால் ரேமைப் பாருங்கள். கரண்டை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ரேமைக் கழற்றி, அதன் தங்கநிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியை ஊதித் தட்டிவிட்டுத் திரும்பச் சொருகுங்கள். இங்க் ரப்பர் கூடாது, அது பூச்சையே உரித்துவிடும். பிறகு ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடி ஒருமுறை ஓடவிடுங்கள்.

இன்னொன்று கரண்ட். நீலமும் இல்லை, கறுப்பும் இல்லை, எழுத்தே வராமல் பொசுக்கென்று அணைந்து எழுகிறது என்றால் அது பெரும்பாலும் மின்சாரம், பவர் சப்ளை அல்லது சூடு. விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று சிவப்பாக ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். அந்த வரிக்கு "ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் நின்றுவிட்டது" என்பதற்குமேல் அர்த்தம் இல்லை. அதன் விவரத்தில் பக்செக் கோட் என்ற இடத்தில் சுழியம் இருந்தால், விண்டோஸ் பிழையைக் குறித்துக்கொள்ளக்கூட நேரமில்லாமல் நின்றிருக்கிறது. அப்போது யூபிஎஸ் பேட்டரியைப் பாருங்கள், டிரைவரைத் தேட வேண்டாம். எரர் பெயர் டபிள்யூஹெச்இஏ என்று தொடங்கினாலும் சந்தேகம் ஹார்டுவேர் மேல்தான் முதலில் போக வேண்டும்.

பெயரைப் பிடிப்பது

விண்டோஸ் வாங்கும்போதே நீலத்திரை வந்த சில நொடிகளில் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி வைத்திருப்பார்கள். படிக்க நேரமிருக்காது. அதை முதலில் நிறுத்துங்கள். ஸ்டார்ட் மெனுவில் அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ் என்று தேடித் திறந்து, ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி என்ற பகுதியில் செட்டிங்ஸ் அழுத்தி, ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட் என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அதே இடத்தில் ஸ்மால் மெமரி டம்ப் என்பதைத் தேர்ந்துவிடுங்கள். அடுத்த முறை திரை அப்படியே நிற்கும். போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் "என்னமோ இங்கிலீஷ்ல வந்துச்சுண்ணே" என்று சொல்வதைவிட அந்த ஒரு போட்டோ ஆயிரம் மடங்கு உதவும்.

அதில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று ஸ்டாப் கோட், அதாவது எரரின் பெயர். அதன் கீழே சில நேரம் வாட் ஃபெயில்டு என்று ஒரு ஃபைல் பெயர் இருக்கும். அந்தப் பெயர் வந்தால் பாதி வேலை முடிந்தது. என்.வி.எல்.டி.டி. என்று தொடங்கினால் என்விடியா கிராபிக்ஸ். ஐ.ஜி.டி. என்றால் இன்டெல் கிராபிக்ஸ். நெட்வ்ட் போல ஒலிக்கும் எழுத்துகள் இன்டெல் வைஃபை. ஆர்.டி. என்று தொடங்குபவை பெரும்பாலும் ரியல்டெக், அது வைஃபையாகவோ சவுண்டாகவோ இருக்கும். ஐ.ஏ.ஸ்டார் என்றால் இன்டெல்லின் ஸ்டோரேஜ் டிரைவர். என்.டி.ஓ.எஸ். என்று வந்தால் அது விண்டோஸின் கருவே. வேறு யாரோ செய்த தப்பு அதன் தலையில் விழுந்திருக்கிறது என்றுதான் பொதுவாகக் கொள்ள வேண்டும். அதற்காக விண்டோஸை அழித்துப் போட வேண்டியதில்லை.

ஸ்டாப் கோடுகளில் அடிக்கடி வருபவை சில. டிரைவர் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல் என்பது டிரைவர் தொடக்கூடாத மெமரியைத் தொட்டதற்கு வருவது. நெட்வொர்க் டிரைவர்களுக்கு இதில் பழைய பெயர். விடியோ டிடிஆர் ஃபெயிலியர் என்றால் கிராபிக்ஸ். கிராபிக்ஸ் டிரைவர் 2 நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதை எழுப்பிப் பார்க்கும், எழவே இல்லையென்றால்தான் இந்தத் திரை. இதன் தம்பி ஒருவன் உண்டு: திரை ஒரு கணம் கறுத்துத் தானாகத் திரும்பி வருவது. நீலத்திரைக்கு முன்னறிவிப்பாகவே அதை எடுத்துக்கொள்ளுங்கள். திரை உறைந்து நின்றால் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றோடு பி (B) எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும், திறந்திருக்கும் வேலை பிழைக்கலாம். டிபிசி வாட்ச்டாக் வயலேஷன் வந்தால் ஸ்டோரேஜ் டிரைவரையும், யூஎஸ்பியில் புதிதாகச் சொருகியதையும் பாருங்கள்.

திரையில் பெயர் வராவிட்டாலும் தடயம் இருக்கும். ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்று தேடுங்கள். நாள்வாரியாகக் கட்டம் கட்டமாக வரும், நின்றுபோன நாளில் சிவப்புக் குறி இருக்கும். நான் முதலில் திறப்பது இதைத்தான். முதல் சிவப்புக் குறிக்கு முந்தின இரண்டு மூன்று நாளில் என்ன இன்ஸ்டால் ஆனது என்று பாருங்கள், பல நேரம் விடை அங்கேயே கிடக்கும். அடுத்தபடியாக, சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்று ஒரு ஃபோல்டர். ஒவ்வொரு நீலத்திரைக்கும் ஒரு சின்ன ஃபைல், தேதியே பெயராக. நிர்சாஃப்ட்டின் புளூ ஸ்கிரீன் வியூ என்ற இலவச புரோகிராம் அதைத் திறந்து, சந்தேகத்துக்குரிய டிரைவரைக் காட்டும். மைக்ரோசாஃப்ட்டின் வின்டிபிஜி இதைவிட ஆழமாகச் சொல்லும், ஆனால் பழக்கம் வேண்டும்.

கீழக்கரையில் ஒரு வீடு. சபரில் இருக்கும் மகன் துபாயிலிருந்து கொடுத்தனுப்பிய லேப்டாப். தங்கச்சிதான் விவரம் சொன்னாள்: "காக்கா, டவுன்லோட் பண்ணின படம் பார்த்தா ஒன்னும் ஆகல. உம்மா போட்டிம் ஆப்புல வீடியோ கால் போட்டா மட்டும் ரெண்டு நிமிஷத்துல நின்னுடுது." இந்த ஒரு வரி போதும். வீடியோ காலில் கேமரா, மைக், கிராபிக்ஸ், வைஃபை நான்கும் வேலை செய்கின்றன. வைஃபையை அணைத்து, போனை யூஎஸ்பி கேபிளில் சொருகி டெதரிங் போட்டு அதே காலைப் பேசவைத்தோம். உம்மா மகனிடம் கருவாடு கொடுத்தனுப்புவதைப் பற்றி முழுதாகப் பேசி முடித்தார், லேப்டாப் அசையவில்லை. வைஃபை டிரைவர் என்று உறுதியாயிற்று. மினிடம்ப்பும் ரியல்டெக்கைத்தான் காட்டியது. மென்பொருளே இல்லாமல் இப்படி ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பதற்கு மேல் ஒரு சோதனை கிடையாது.

பிரிண்டரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜெராக்ஸ் கடைகளில் முதல் பழி பிரிண்டர் மேல்தான் விழும். இப்போதைய பிரிண்டர் டிரைவர்கள் கெர்னலுக்கு வெளியே ஓடுபவை. கெட்டால் பிரிண்ட் நிற்கும், ஸ்பூலர் சர்வீஸ் விழும், மெஷின் விழாது. அதே மேசையில் இருக்கும் பழைய கைரேகைக் கருவியையும், யூஎஸ்பி சீரியல் கேபிளையும் முதலில் பிடுங்கிப் பாருங்கள்.

கைவைக்கும் முன்

மூன்று ஏற்பாடு. ஸ்டார்ட் மெனுவில் கிரியேட் எ ரிஸ்டோர் பாயின்ட் என்று தேடி ஒரு ரிஸ்டோர் பாயின்ட் போட்டுவிடுங்கள், ஏதாவது கெட்டால் இப்போதைய நிலைக்குத் திரும்பலாம். சிஸ்டம் புரொடெக்ஷன் ஆஃப் ஆகியிருந்தால் அங்கேயே ஆன் செய்யலாம். இரண்டாவது, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர். புது லேப்டாப்களில் கேட்காமலே இது ஆன் ஆகியிருக்கும். சேஃப் மோடுக்கு (அத்தியாவசிய டிரைவர்கள் மட்டும் ஓடும் நிலை) போகும்போது 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்டால் விழிக்கக் கூடாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் முன்கூட்டியே எடுத்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது, நெட்வொர்க் டிரைவரை முதலிலேயே பென் டிரைவில் இறக்கி வையுங்கள். வைஃபை டிரைவரை நீக்கிவிட்டு, புதியதை இறக்க நெட் இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய. மாட்டிக்கொண்டால் போன் டெதரிங் கைகொடுக்கும். தனுஷ்கோடிப் பக்கம் இருந்தால் மட்டும் போன் இலங்கை சிக்னலைப் பிடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என்விடியா டிரைவர் அரை ஜிபிக்கு மேல் இருக்கும், ரோமிங்கில் இறக்கினால் பில் வந்த பிறகுதான் தெரியும்.

தேதியைப் பார்த்து ஏமாறாதீர்கள்

விண்டோஸ் கீயோடு எக்ஸ் எழுத்தை அழுத்தி டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். சந்தேகப்படும் பாகத்தின் மேல் இரண்டு தட்டுத் தட்டி, டிரைவர் என்ற தாவலுக்குப் போனால் தேதியும் வெர்ஷனும் தெரியும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பல டிரைவர்களில் 2006 ஜூன் 21 என்று இருக்கும். "இருபது வருஷப் பழசு" என்று பதற வேண்டாம். விண்டோஸோடு வரும் டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே போட்ட தேதி அது. நீங்கள் நிறுவும் கம்பெனி டிரைவர் எப்போதும் புதியதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. இன்டெல் சிப்செட்டில் 1968 ஜூலை 18 என்று இருக்கும். அது இன்டெல் கம்பெனி தொடங்கிய நாள். ஆகவே தேதியை விட்டுவிட்டு வெர்ஷன் எண்ணைக் கம்பெனி தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள்.

டிரைவர் அப்டேட்டர் என்ற பெயரில் வரும் புரோகிராம்கள் இந்தத் தேதிகளைக் காட்டித்தான் "27 டிரைவர் பழசு" என்று சிவப்பாக மிரட்டிப் பணம் கேட்கின்றன. என் கருத்தில் அவற்றில் எதுவும் வேண்டாம். கிட்டத்தட்டப் பொருந்தும் மாடலின் டிரைவரைத் திணித்துவிட்டுப் போன மெஷின்கள் கடைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன.

எங்கிருந்து எடுப்பது, எப்படி மாற்றுவது

லேப்டாப் என்றால் முதல் இடம் அதைச் செய்த கம்பெனியின் தளம். அடிப்பக்க ஸ்டிக்கரில் மாடல் எண், சீரியல் எண் இருக்கும். டெல் என்றால் 7 எழுத்து சர்வீஸ் டேக். உப்புக்காற்றில் ஸ்டிக்கர் அழிந்திருந்தால் ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடினால் மாடல் தெரியும். பிளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப்பும் இப்படித்தான். லெனோவா, ஏசர், ஹெச்பி எதுவானாலும் மாடல் எண்ணைப் போட்டால் அந்தக் கம்பெனியின் சப்போர்ட் பக்கம் வரும். அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் என்றால் மதர்போர்டு கம்பெனி தளம், கிராபிக்ஸுக்கு மட்டும் நேராக என்விடியா, ஏஎம்டி, இன்டெல்.

இரண்டாவது இடம் விண்டோஸ் அப்டேட். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்று உள்ளே போனால் டிரைவர் அப்டேட்ஸ் தனியாக இருக்கும். அங்கேயும் சந்தேகப்பட்ட ஒன்றை மட்டும் டிக் செய்யுங்கள். டிவைஸ் மேனேஜரில் "தானாகத் தேடு" என்று கொடுத்தால் "சிறந்த டிரைவர் ஏற்கெனவே உள்ளது" என்று பதில் வரும். விண்டோஸுக்குத் தெரிந்த வரையில் சிறந்தது என்றுதான் அதற்குப் பொருள். கம்பெனி தளத்தில் அதைவிடப் புதியது இருக்கலாம்.

நிறுவும்போது வைஃபை, சவுண்ட் போன்றவற்றுக்குப் பழையதன் மேலேயே புதியதைப் போட்டால் பெரும்பாலும் போதும். கிராபிக்ஸ் அப்படியல்ல. பழைய துணுக்குகள் தங்கிப்போய்த் தொந்தரவு கொடுக்கும். அதற்கு டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர், சுருக்கமாக டிடியூ, என்ற இலவச புரோகிராம் இருக்கிறது. புதிய டிரைவரை முன்பே இறக்கி வைத்து, நெட்டை அணைத்து, சேஃப் மோடில் டிடியூவை ஓட்டி, பழையதைச் சுத்தமாக எடுத்து, ரீஸ்டார்ட் ஆனதும் புதியதை நிறுவுங்கள். நெட்டை அணைக்காவிட்டால், நடுவில் விண்டோஸ் தன் பங்குக்கு ஒரு டிரைவரைப் போட்டுவிடும்.

சேஃப் மோடுக்கு வழி: ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு 4. நெட்டோடு வேண்டுமென்றால் 5. விண்டோஸே திறக்காமல் சுற்றிச் சுற்றி விழுந்தால், லோகோ வரும்போது பவர் பட்டனை நீளமாக அழுத்தி அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் ரிப்பேர் திரை தானாக வரும். சேஃப் மோடில் நன்றாக ஓடி, சாதாரணமாகத் திறந்தால் மட்டும் விழுகிறது என்றால், காரணம் டிரைவர் அல்லது கூடவே தொடங்கும் ஏதோ ஒரு புரோகிராம் என்று கிட்டத்தட்ட முடிவு கட்டலாம். சேஃப் மோடில் அத்தியாவசிய டிரைவர்கள்தான் ஓடும்.

மாற்றி முடித்ததும் ஷட்டவுன் செய்யாதீர்கள், ரீஸ்டார்ட் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் ஆகியிருந்தால் ஷட்டவுன் கெர்னலை அப்படியே டிஸ்க்கில் தூங்கவைத்து மறுநாள் எழுப்புகிறது. ரீஸ்டார்ட்தான் முழுசாகப் புதிதாகத் தொடங்கும்.

புதியதுதான் குற்றவாளி என்றால்

டிவைஸ் மேனேஜரில் அதே டிரைவர் தாவலில் ரோல் பேக் டிரைவர் என்று ஒரு பட்டன் இருக்கும். அப்டேட்டுக்குப் பிறகு தொல்லை தொடங்கியிருந்தால் அதை அழுத்துங்கள். மங்கலாக இருந்தால் பழைய பிரதி இல்லை. ரிஸ்டோர் பாயின்ட்டுக்குத் திரும்புங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஓர் அப்டேட், அதன் கெர்னல் டிரைவரைத் தடுக்கிவிட்டு உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்களை நீலத்திரையில் நிறுத்தியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த மெஷின்களில் எதிலும் பழைய டிரைவர் குற்றவாளி இல்லை, காலையில் வந்த புது ஃபைல்தான். ஒழுங்காக ஓடும் பாகத்துக்கு "புதுசு வந்திருக்கு" என்பதற்காக டிரைவர் மாற்றாதீர்கள்.

ரோல் பேக் செய்ததை விண்டோஸ் அப்டேட் மறுபடி மாற்றிவிடுவதும் உண்டு. ஸ்டார்ட் மெனுவில் டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ் என்று தேடி "நோ" கொடுத்தால் அது பெருமளவு அடங்கும்.

டிரைவரே கிடைக்காத பாகங்கள்

பாம்பனில் ஒரு படகுக்காரர் பழைய ஜிபிஎஸ்ஸில் உள்ள பாயிண்ட்களைக் கம்ப்யூட்டரில் சேமித்துவைக்கும் பழக்கமுள்ளவர். கேபிள் வழியாக எடுக்கும்போது, வேலை முடியுமுன் கேபிளைப் பிடுங்கினால் நீலத்திரை வரும். டிரைவரைப் புதுப்பித்தார். நீலத்திரை போயிற்று, கேபிளும் வேலை செய்யவில்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு, "இந்தச் சிப் 2012 முதல் கைவிடப்பட்டது, விற்றவரை அணுகவும்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. புரோலிஃபிக் கம்பெனியின் பழைய சிப்புக்கும், அதைப் பார்த்துச் செய்த போலிக்கும் புது டிரைவர் இப்படித்தான் கதவைச் சாத்துகிறது. பழைய டிரைவரைத் தேடிப் போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்வது, சில நூறு ரூபாய்க்குப் புதுச் சிப் உள்ள கேபிள் வாங்கிவிடுங்கள்.

மொத்த லேப்டாப்பே இந்த நிலையில் இருப்பதும் உண்டு. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை பிராசசரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் விதி. செகண்ட் ஹேண்டில் வரும் 4-ஆம், 5-ஆம் தலைமுறை லேப்டாப்களில் இந்த விதியைத் தாண்டி 11-ஐப் போட்டு விற்கிறார்கள். அந்த கிராபிக்ஸுக்கு இன்டெல் புதிய டிரைவர் எழுதுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. நீலத்திரை அதிகமானால் விண்டோஸ் 10-க்குத் திரும்புவது ஒரு வழி. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை. அதற்கு மேலும் ஓட்ட வேண்டுமென்றால் லினக்ஸ் மின்ட் போடலாம். பழைய பாகங்களுக்கு டிரைவர் அதன் கருவுக்குள்ளேயே பெரும்பாலும் இருக்கிறது. பென் டிரைவிலிருந்து நிறுவாமலே ஓட்டிப் பார்க்க முடியும் என்பதால் வைஃபை, சவுண்ட் எல்லாம் வருகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

வைஃபை ஒன்றுதான் தொல்லை என்றால் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டை டிஸேபிள் செய்துவிட்டு, யூஎஸ்பியில் சொருகும் சின்ன வைஃபை அடாப்டர் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். வாங்கும்போது பெட்டியில் விண்டோஸ் 11 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே டிரைவர் சிடி மட்டும் வைத்த பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.